விடுதிக் காசு போனால் போகட்டும்



வெளிநாட்டுப் பயணம் என்றதும் நம்மவர்கள் மூன்று கணக்கைத்தான் முதலில் போடுகிறார்கள். விமானச் சீட்டு எவ்வளவு, தங்கும் விடுதி எவ்வளவு, வாடகைக் கார் எவ்வளவு? மூன்றிலும் எங்கே குறைக்கலாம் என்று வீட்டில் எல்லோரும் கைத்தொலைபேசியும் கையுமாக உட்கார்ந்து தேடுகிறார்கள். தேடட்டும், தவறில்லை. உழைத்துச் சேர்த்த பணம். ஆனால் நான்காவதாக ஒரு கணக்கு இருக்கிறது. அதை யாரும் போடுவதில்லை. வண்டியை ஓட்டப் போகிற மனிதர் எத்தனை மணி நேரம் தூங்கினார் என்பதுதான் அந்தக் கணக்கு.

இந்தக் கருத்தை விளக்க ஒரு குடும்பத்தின் பயணத்தைப் பார்ப்போம். புக்கிட் மெர்தாஜாமில் வாழும் குடும்பம் அது. கணவன், மனைவி, 15 வயது மகள், 6 வயது மகன், கணவனின் தாயார் என ஐந்து பேர். ஆண்டிறுதி விடுமுறைக்கு நியூசிலாந்தின் தென்தீவைச் சுற்றிப் பார்ப்பது என்று முடிவு செய்தார்கள். பாட்டிக்குப் பனிமலையை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. அதற்காகவே இரண்டு ஆண்டுகளாகப் பணம் சேர்த்தார்கள்.

பினாங்கிலிருந்து சிங்கப்பூர், அங்கிருந்து இரவு விமானத்தில் கிறைஸ்ட்சர்ச், காலை 10.30க்கு இறங்கியதும் வாடகைக் கார், அன்று மாலையே குவீன்ஸ்டவுன். இதுதான் திட்டம். குவீன்ஸ்டவுன் விடுதிக்கு ஐந்து இரவுக் கட்டணத்தை முன்கூட்டியே கட்டிவிட்டார்கள். ரத்து செய்தால் பணம் திரும்பாது என்ற நிபந்தனையோடு கட்டியதால் கொஞ்சம் மலிவு. வாடகைக் காருக்கு ஓட்டுநராகக் கணவன் பெயரை மட்டும் கொடுத்தார்கள். இரண்டாவது ஓட்டுநரைச் சேர்த்தால் நாளுக்கு இவ்வளவு என்று கூடுதல் கட்டணம் கேட்டார்கள். மனைவியும் பத்து ஆண்டுகளுக்கு மேலாகக் கார் ஓட்டுபவர்தான். "நானே ஓட்டிடுவேன், எதுக்கு வீண் செலவு?" என்று கணவன் சொல்லிவிட்டார்.

தாளில் பார்த்தால் இந்தத் திட்டத்தில் ஒரு குறையும் தெரியாது. எல்லாம் அடுக்கி வைத்தாற்போல் இருந்தது. அடுக்கில் ஒன்று சரிந்தால் என்ன ஆகும் என்பதை மட்டும் யாரும் கேட்கவில்லை.

புறப்படும் நாளில் கணவன் காலை 6 மணிக்கு எழுந்தார். மதியம் வரை வேலைக்குப் போய்விட்டு வந்தார். பிற்பகலில் பினாங்கில் நல்ல மழை. விமானம் ஒன்றரை மணி நேரம் தாமதம். சிங்கப்பூரில் விமானம் மாற இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகவே அவகாசம் இருந்தது. அது ஒரு மணி நேரத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. பாட்டியைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். கடைசி ஆளாக ஏறி உட்கார்ந்தார்கள். மனிதர்கள் ஓடிப் பிடித்துவிட்டார்கள். பெட்டிகள் ஓடிப் பிடிக்குமா? மூன்றில் ஒன்று சிங்கப்பூரிலேயே தங்கிவிட்டது.

இங்கே ஒரு விவரத்தைக் கவனிக்க வேண்டும். இவர்கள் பினாங்கிலிருந்து கிறைஸ்ட்சர்ச் வரைக்கும் ஒரே பயணச்சீட்டாக எடுத்திருந்தார்கள். அதனால் இரண்டாவது விமானத்தைத் தவறவிட்டிருந்தாலும் அடுத்த விமானத்தில் ஏற்றிவிட வேண்டிய பொறுப்பு விமான நிறுவனத்துடையது. மலிவாகக் கிடைக்கிறது என்று தனித்தனிச் சீட்டாக எடுப்பவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது சீட்டின் பணம் போனது போனதுதான்.

மலேசியாவில் விமானப் பயணிகளுக்கான பயனீட்டாளர் பாதுகாப்பு விதிகள் 2016ஆம் ஆண்டிலிருந்து நடப்பில் உள்ளன. விமானம் 2 மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானால் உணவு கேட்கும் உரிமை பயணிக்கு உண்டு. 5 மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகி, பயணி அந்தப் பயணமே வேண்டாம் என்று முடிவு செய்தால், கட்டிய பணத்தைத் திரும்பப் பெறலாம் என்று 2024 செப்டம்பரில் விதி திருத்தப்பட்டது. 2025 ஆகஸ்டு முதல் இந்தப் பொறுப்பு மலேசியப் பொது விமானப் போக்குவரத்து ஆணையத்திடம் இருக்கிறது. கேட்டால் கிடைக்கும் உரிமை இது. கேட்காதவர்களைத் தேடிவந்து யாரும் கொடுக்க மாட்டார்கள்.

கிறைஸ்ட்சர்ச் விமான நிலையத்தில் இறங்கியதும் இன்னொரு சோதனை. நியூசிலாந்து விவசாயத்தையும் கால்நடையையும் நம்பி வாழும் நாடு. வெளியிலிருந்து ஒரு பூச்சியோ, விதையோ, நோயோ உள்ளே வந்துவிடக் கூடாது என்பதில் மிகக் கண்டிப்பானவர்கள். உணவுப் பொருள் எதைக் கொண்டு வந்தாலும் வருகைப் படிவத்தில் அறிவிக்க வேண்டும். அறிவிக்காமல் கொண்டுவந்து அகப்பட்டால் அந்த இடத்திலேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம். பையில் மறந்துபோன ஓர் ஆப்பிளுக்கும் இதே அபராதம்தான்.

பாட்டி வீட்டுத் தோட்டத்துக் கறிவேப்பிலையை ஈரத்துணியில் சுற்றிக் கைப்பையில் வைத்திருந்தார். பேரப் பிள்ளைகளுக்கு ரசம் வைத்துக் கொடுக்க வேண்டுமாம். "கொஞ்சூண்டுதானே, சொல்லாம விட்டுடலாம்" என்றார் மகன். மருமகள் விடவில்லை. படிவத்தில் எல்லாவற்றையும் அறிவித்தார். அதிகாரி கறிவேப்பிலையை எடுத்துத் தொட்டியில் போட்டார். கடையில் வாங்கிப் பொட்டலம் பிரிக்காமல் இருந்த மசாலாத் தூளைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். மகளின் காலணியில் மண் ஒட்டியிருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தார். அபராதம் ஒரு காசு இல்லை. உண்மையைச் சொன்னவர்களுக்கு அங்கே இழப்பு கறிவேப்பிலை மட்டும்தான்.

அதன் பிறகுதான் பெட்டி வரவில்லை என்பது தெரிந்தது. அது பாட்டியின் பெட்டி. நீரிழிவு மாத்திரையும் இரத்த அழுத்த மாத்திரையும் அதற்குள்தான் இருந்தன.

நேயர்களே, இதைத் தயவுசெய்து மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். மருந்தைப் பெரிய பெட்டியில் போடக் கூடாது. எத்தனை நாள் பயணமோ அத்தனை நாளுக்கான மருந்தும், மேலும் சில நாளுக்கான மருந்தும் கைப்பையில் இருக்க வேண்டும். மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டும் உடன் இருக்க வேண்டும். அந்தச் சீட்டில் நிறுவனப் பெயரை மட்டும் எழுதாமல், மருந்தின் பொதுப்பெயரையும் எழுதச் சொல்லி வாங்க வேண்டும். ஒரே மருந்துக்கு நாட்டுக்கு நாடு வேறு வேறு வணிகப் பெயர் இருக்கும். பொதுப்பெயர் எங்கே போனாலும் பெரும்பாலும் ஒன்றுதான்.

பெட்டி வராவிட்டால் விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே புகார் கொடுத்து அதற்கான எண்ணை எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். பெட்டிக்காகக் கொடுத்த ஒட்டுச்சீட்டின் துண்டைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது. அவசரத்துக்கு வாங்கும் துணிமணி, பற்பசை எல்லாவற்றுக்கும் ரசீது வைத்திருக்க வேண்டும். மொன்ட்ரியல் உடன்படிக்கையின்படி, தாமதமாக வந்த பெட்டிக்கு அது கையில் கிடைத்த நாளிலிருந்து 21 நாளுக்குள்ளும், சேதமான பெட்டிக்கு 7 நாளுக்குள்ளும் எழுத்துப்பூர்வமாகப் புகார் செய்ய வேண்டும். மலேசியா, சிங்கப்பூர், நியூசிலாந்து மூன்று நாடுகளும் இந்த உடன்படிக்கையில் சேர்ந்தவை. நாள் கடந்து போனால் நியாயம் நம் பக்கம் இருந்தாலும் பணம் வராது.

"பெட்டி நாளைய விமானத்தில் வரும், எங்கே அனுப்ப வேண்டும்?" என்று முகப்பில் கேட்டார்கள். கணவன் குவீன்ஸ்டவுன் முகவரியைக் கொடுத்தார். மனைவி ஓர் யோசனை சொன்னார்.

"ஏங்க, இன்னைக்கு ராத்திரி இங்கேயே தங்கிடலாமே. பெட்டியும் நாளைக்கு வந்துடும். நீங்களும் தூங்கவே இல்ல."

"அங்கே ரூமுக்குக் காசு கட்டியாச்சு. ஒரு ராத்திரி 240 டாலர். இங்கே வேற தனியா கொடுக்கணுமா? ஆறு மணி நேரந்தானே, போயிடலாம்."

பிற்பகல் 1 மணிக்குப் புறப்பட்டார்கள்.

கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து குவீன்ஸ்டவுன் ஏறக்குறைய 480 கிலோமீட்டர். எங்கும் நிற்காமல் ஓட்டினால் 6 மணி நேரம். பினாங்கிலிருந்து சிரம்பானுக்குப் போகிற தூரத்தைவிட அதிகம். ஆனால் அது நம் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை போன்ற சாலை அல்ல. பெரும்பாலான இடங்களில் போக ஒரு தடம், வர ஒரு தடம். நடுவில் தடுப்பு கிடையாது, வெள்ளைக்கோடுதான். வேக வரம்பு பொதுவாக 100 கிலோமீட்டர். எதிரே வருகிறவரும் அதே வேகத்தில்தான் வருகிறார்.

நியூசிலாந்திலும் இடப்பக்கம்தான் வண்டி ஓட்டுகிறார்கள். காரின் சுக்கானும் நம் ஊர்க் கார்களைப் போல வலப்பக்கத்தில்தான் இருக்கிறது. அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ ஓட்டும்போது பக்கம் மாறுகிறதே என்ற பயம் இருக்கும். அந்தப் பயமே ஓட்டுநரை விழிப்பாக வைத்திருக்கும். நியூசிலாந்தில் அந்தப் பயம் இல்லை. நம் ஊர் மாதிரிதானே என்ற தெம்பு வந்துவிடுகிறது. ஆபத்தும் அங்கேயே தொடங்குகிறது.

டிசம்பரில் அங்கே கோடைக்காலம். மலேசிய நேரத்தைவிட 5 மணி நேரம் முந்தி. வெளியே வெயில் பளீரென்று அடிக்கிறது. இருட்டுவதற்கு இரவு 9 மணிக்கும் மேல் ஆகிவிடும். வெளிச்சத்தைப் பார்த்து உடம்பு ஏமாறும் என்று கணவன் நினைத்தார். உடம்பு ஏமாறவில்லை. முதல் நாள் காலை 6 மணிக்கு எழுந்தவர், விமானத்தில் ஒரு மணி நேரம் கண்ணயர்ந்தாரா என்பதே சந்தேகம். காரை எடுத்து முக்கால் மணி நேரம் ஆனபோது அவர் விழித்து ஏறக்குறைய 27 மணி நேரம் கடந்திருந்தது.

தூக்கத்தைப் பற்றி ஆராய்ந்தவர்கள் சொல்வது இது. 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருக்கும் ஒருவரின் கவனமும் கையின் வேகமும், 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 50 மில்லிகிராம் மது இருப்பவருக்கு எப்படிக் குறையுமோ அதே அளவுக்குக் குறைகின்றன. விழித்திருக்கும் நேரம் 24 மணியானால் அது இரண்டு மடங்கு மது குடித்த நிலைக்குச் சமம். நியூசிலாந்தில் 20 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குச் சட்ட வரம்பே 50 மில்லிகிராம்தான். மலேசியாவும் 2020இல் தன் வரம்பை 80இலிருந்து 50க்குக் குறைத்தது. ஒரு சொட்டு மதுவைத் தொடாத மனிதர், குடும்பத்தையே ஏற்றிக்கொண்டு, குடித்தவர் நிலையில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். அவருக்கே அது தெரியாது.

கிறைஸ்ட்சர்ச்சுக்குத் தெற்கே கேன்டர்பரி சமவெளி. சாலை கோடு போட்டதுபோல் நேராகப் போகும். இரு பக்கமும் புல்வெளி, மாடு, வேலி. மறுபடியும் புல்வெளி, மாடு, வேலி. ரக்காயா ஆற்றின் மேலே 1.7 கிலோமீட்டருக்கும் சற்று நீளமான பாலம் இருக்கிறது. நியூசிலாந்தின் மிக நீளமான சாலைப்பாலம் அதுதான். அதைக் கடக்கும்போது பின் இருக்கையில் பாட்டியும் பேரனும் தூங்கிவிட்டார்கள். மனைவிக்கும் கண் சொக்கியது. முன் இருக்கையில் மகள் மட்டும் விழித்திருந்தாள்.

பாலம் தாண்டிச் சில நிமிடங்கள். கார் மெல்ல மெல்ல நடுக்கோட்டை நோக்கி நகர்ந்தது. எதிரே பால் ஏற்றிய பெரிய லாரி. ஏதோ முந்தப் போகிறார் என்று மகள் முதலில் நினைத்தாள். அப்பா முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். அவர் கண்கள் மூடியிருந்தன.

"அப்பா!"

அந்தக் கூச்சலும் லாரியின் ஒலிப்பானும் ஒன்றாகக் கேட்டன. அவர் சுக்கானை இடப்பக்கம் திருப்பினார். லாரி உரசாமல் கடந்து போயிற்று. கார் சாலையோரச் சரளைக்கல்லில் இறங்கி, குலுங்கி, நின்றது.

சிறுவன் விழித்து அழுதான். பாட்டி ஒன்றும் புரியாமல், "என்னாச்சு, என்னாச்சு?" என்றார். கணவன் கையை எடுக்காமல் சுக்கானைப் பிடித்தபடியே இருந்தார். அவர் கைகள் நடுங்கின. ஒருவர் மீது ஒருவர் கோபப்படவும் அந்த நேரத்தில் யாருக்கும் தோன்றவில்லை.

அப்போதுதான் இன்னொரு சிக்கனத்தின் விலை தெரிந்தது. ஓட்டத் தெரிந்த மனைவி பக்கத்திலேயே இருக்கிறார். ஆனால் அவர் ஓட்டக் கூடாது. வாடகை ஒப்பந்தத்தில் அவர் பெயர் இல்லை. பெயர் இல்லாதவர் ஓட்டி ஏதேனும் நடந்தால் காப்புறுதி செல்லாது. சேதம் முழுவதும் சொந்தப் பணத்திலிருந்து போகும். ஆங்கிலத்தில் இல்லாத உரிமத்துக்கு ஆங்கில மொழிபெயர்ப்போ அனைத்துலக வாகனமோட்டும் உரிமமோ வேண்டும் என்பது நியூசிலாந்துச் சட்டம். மலேசியாவில் சாலைப் போக்குவரத்து இலாகாவிலும், சிங்கப்பூரில் வாகனமோட்டிகள் சங்கத்திலும் அதை எடுக்கலாம். கணவன் எடுத்திருந்தார், மனைவி எடுக்கவில்லை. மலேசியாவில் இப்போது உரிமத்தைக் கைத்தொலைபேசியிலேயே காட்டிவிடலாம் என்பதால் பலர் அட்டையை வீட்டில் விட்டுவிட்டுப் போகிறார்கள். வெளிநாட்டு வாடகைக் கார் முகப்பில் அட்டையைத்தான் கேட்பார்கள்.

கொஞ்ச நேரம் காற்றாட நின்றுவிட்டு, மகள் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வர, மெதுவாக ஆஷ்பர்ட்டன் என்ற ஊர் வரை ஓட்டினார். அது கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து ஏறக்குறைய 85 கிலோமீட்டர்தான். முதலில் கண்ணில் பட்ட விடுதியின் முன் காரை நிறுத்தினார்.

நியூசிலாந்தில் மோட்டல் என்றால் முகத்தைச் சுளிக்க வேண்டியதில்லை. காரை அறை வாசலிலேயே நிறுத்தலாம். அறைக்குள்ளேயே சிறிய சமையலறை, அடுப்பு, பாத்திரம் எல்லாம் இருக்கும். குடும்பத்தோடு போகிறவர்களுக்கு, அதுவும் வயதானவர்களை அழைத்துப் போகிறவர்களுக்கு, நகர நடுவிலுள்ள பெரிய ஹோட்டலைவிட இது வசதி. சாவி கொடுக்கும்போது, "பால் வேண்டுமா? நீலமா, பச்சையா?" என்று கேட்டார் விடுதிக்கார அம்மையார். நீலம் என்றால் சாதாரணப் பால், பச்சை என்றால் கொழுப்பு நீக்கிய பால். தேநீருக்கென்று ஒரு சிறிய பால் போத்தலை விருந்தினர் கையில் கொடுப்பது அந்த நாட்டு மோட்டல்களின் பழைய வழக்கம்.

பால் போத்தலைக் கையில் வாங்கிய கணவனுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த அம்மையார், "நீண்ட பயணமா?" என்று கேட்டார். "ஆமாம்" என்று மட்டும் சொன்னார்.

மனைவி அந்த நேரத்தில் நான்கு காரியங்கள் செய்தார். பயணம் போகும் எவருக்கும் இவை பயன்படும்.

முதலாவதாகக் குவீன்ஸ்டவுன் விடுதிக்குத் தொலைபேசியில் பேசி, நாளைக்குத்தான் வருகிறோம் என்று தெரிவித்தார். இது மிக முக்கியம். முதல் இரவு வராதவர் இனி வரவே மாட்டார் என்று எண்ணி, எல்லா நாளுக்கும் சேர்த்து முன்பதிவை ரத்து செய்துவிடும் விடுதிகள் உண்டு. சொல்லிவிட்டதால் மற்ற நான்கு இரவும் தப்பின. முதல் இரவின் 240 டாலர் மட்டும் போயிற்று.

இரண்டாவதாக விமான நிறுவனத்துக்குப் பேசி, பெட்டியை ஆஷ்பர்ட்டனுக்கு அனுப்பச் சொல்லி முகவரியை மாற்றினார். தினமும் ஊர் மாறுகிறவர்களின் பெட்டி, அவர்கள் பின்னாலேயே ஊர் ஊராகச் சுற்றும். ஓர் இடத்தில் நின்றால்தான் பெட்டி வந்து சேரும்.

மூன்றாவதாகப் பாட்டியை அங்கிருந்த மருத்துவ நிலையத்துக்கு அழைத்துப் போனார். மருந்துச் சீட்டைப் புறப்படும் முன் கைத்தொலைபேசியில் படம் எடுத்து வைத்திருந்தது கைகொடுத்தது. மருத்துவர் பாட்டிக்கு இரத்த அழுத்தம் பார்த்து, இரண்டு மருந்தையும் எழுதிக் கொடுத்தார். கட்டணம் இருந்தது. நியூசிலாந்தில் விபத்தில் காயம் பட்டால் சுற்றுப்பயணிகளின் சிகிச்சைச் செலவுக்கும் ஏசிசி என்ற அரசுத் திட்டம் கைகொடுக்கும். நோய்க்குக் கொடுக்காது. அதனால்தான் பயணக் காப்புறுதி அவசியம். ரசீதை வாங்கிப் பத்திரப்படுத்தினார்.

நான்காவதாக, கணவனைப் படுக்கச் சொல்லித் திரையை இழுத்துவிட்டார்.

மறுநாள் பெட்டி வந்தது. பெட்டியில் இருந்த அரிசியில் பாட்டி கஞ்சி காய்ச்சினார். இரவு முழுக்கத் தூங்கி எழுந்த மகன், மேசைக்கு வந்து, யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் உட்கார்ந்தார்.

"காசப் பார்த்தேன்மா. பிள்ளைங்களப் பார்க்கல" என்றார்.

பாட்டி கஞ்சியை ஊற்றிக்கொண்டே, "ஒரு ராத்திரி காசுதானேய்யா போச்சு. போனா போவுது. நீ சூடா குடி" என்றார்.

அன்று ஓட்டிய விதமே வேறு. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை நிறுத்தி இறங்கினார்கள். பின்னால் வண்டிகள் சேர்ந்தால், ஓரமாக ஒதுங்கி வழிவிட்டார்கள். ஒற்றைத் தடப் பாலங்களில் பலகையைப் பார்த்து நடந்தார்கள். வட்டப் பலகையில் நம் பக்கத்து அம்புக்குறி சிறியதாகச் சிவப்பில் இருந்தால், எதிரே வருகிறவருக்கு வழிவிட்டு நிற்க வேண்டும். நீலப் பலகையில் நம் பக்கத்து அம்புக்குறி பெரியதாக வெள்ளையில் இருந்தால் நமக்கு முன்னுரிமை. அப்போதும் பாலத்தில் யாரும் இல்லை என்று பார்த்துத்தான் ஏற வேண்டும். நம் பக்கம் மஞ்சள் கோடு தொடர்ச்சியாக இருந்தால் முந்தவே கூடாது. 7 வயது நிறையாத பிள்ளைக்குச் சிறுவர் இருக்கை கட்டாயம். அதைக் கார் பதிவு செய்யும்போதே கேட்டு வாங்க வேண்டும்.

தெக்காப்போ ஏரிக்கரையில் இறங்கி நின்றார்கள். அந்த ஏரியின் நீர் பால் கலந்த நீலமாக இருக்கும். பனிப்பாறைகள் மலையை அரைத்த மாவு போன்ற நுண்துகள் நீரில் மிதப்பதால் அந்த நிறம். மேலும் தெற்கே புக்காக்கி ஏரியை அடைந்தபோது, தண்ணீருக்கு அப்பால் 3,724 மீட்டர் உயர அவோராக்கி மலை வெள்ளையாக நின்றது. பாட்டி முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, நீண்ட நேரம் கும்பிட்டபடி நின்றார். இரண்டு ஆண்டுச் சேமிப்பு அந்த ஒரு காட்சிக்காகத்தான்.

இதே இடத்தை முதல் நாள் தூங்கி வழிந்துகொண்டே கடந்திருந்தால்? நல்லபடியாகக் கடந்திருந்தாலும், கண்டிருப்பார்களா?

குவீன்ஸ்டவுனிலிருந்து மில்ஃபர்ட் சவுண்டுக்குக் காரில் போய் அன்றே திரும்புவது என்று திட்டம் வைத்திருந்தார்கள். ஒரு வழித் தூரமே ஏறக்குறைய 290 கிலோமீட்டர். மலைப்பாதை வேறு. ஆண்டுக்கு 6 மீட்டருக்கும் மேல் மழை பெய்யும் பகுதி அது. திட்டத்தைக் கணவனே மாற்றினார். சுற்றுலாப் பேருந்தில் ஐவருக்கும் இடம் பிடித்தார். 1954இல் திறக்கப்பட்ட ஹோமர் சுரங்கப்பாதையைக் கடக்கும்போது, ஓட்டுநராக இல்லாமல் ஜன்னலோரம் உட்கார்ந்து, மகனுக்கு மலையருவிகளைக் காட்டிக்கொண்டு வந்தார்.

நேயர்களே, சிக்கனம் வேண்டாம் என்பது இந்தப் பேச்சின் கருத்து அல்ல. எதில் சிக்கனம் என்பதுதான் கேள்வி. சாப்பாட்டில் குறைக்கலாம், மோட்டல் அடுப்பில் சோறு பொங்கலாம். பொருள் வாங்குவதில் குறைக்கலாம். ஆனால் விமானம் மாறும் இடைவெளியில் சிக்கனம் கூடாது. இரண்டாவது ஓட்டுநரின் கட்டணத்தில் கூடாது. பயணக் காப்புறுதியில் கூடாது. எல்லாவற்றையும்விட, தூக்கத்தில் கூடாது.

நீண்ட இரவு விமானத்தில் இறங்கும் நாளில், விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே அறை எடுங்கள். அந்த முதல் இரவுக்குக் கொடுக்கும் பணத்தை விடுதிச் செலவு என்று எழுதாதீர்கள். உயிர்க் காப்புறுதி என்று எழுதுங்கள். முன்பதிவு செய்யும்போது தேதியையும் சரிபாருங்கள். இன்று இரவு புறப்படுகிறவர் நாளைதான் போய் இறங்குகிறார். புறப்படும் தேதிக்கே அறை எடுத்து ஏமாந்தவர்கள் பலர். முதல் இரண்டு நாள் விடுதிக்காவது, ரத்து செய்தால் பணம் திரும்பும் வகையில் சற்றுக் கூடுதலாகக் கொடுத்துப் பதிவு செய்யுங்கள். பணம் திரும்பாது என்ற அந்த ஒரு வரிதான், களைத்துப்போன ஒரு தகப்பனை நெடுஞ்சாலைக்குத் தள்ளியது.

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பார்கள். ஊர் சுற்றிப் பார்க்க ஏரியும் மலையும் அங்கேயே இருக்கும். நாளைக்குப் போனாலும் பார்க்கலாம். பார்க்கிற கண்கள் பத்திரமாகப் போய்ச் சேர வேண்டும், பத்திரமாகத் திரும்ப வேண்டும்.

அந்தக் குடும்பம் புக்கிட் மெர்தாஜாமுக்குத் திரும்பி வந்தது. மருத்துவச் செலவைக் காப்புறுதி நிறுவனம் திருப்பிக் கொடுத்தது. பெட்டி தாமதத்துக்கு 21 நாளுக்குள் எழுதிப் போட்டு, வாங்கிய பொருள்களுக்கான பணத்தையும் பெற்றார்கள். 240 டாலர் மட்டும் திரும்பவில்லை. மனைவி அடுத்த வாரமே சாலைப் போக்குவரத்து இலாகாவுக்குப் போய், அனைத்துலக உரிமத்துக்கு என்னென்ன ஆவணம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டு வந்தார். அடுத்த பயணத்தில் இரண்டு ஓட்டுநர்கள்.

உங்கள் அடுத்த பயணம் இனிமையாக அமையட்டும். அதைவிட முக்கியம், நன்றாகத் தூங்கிவிட்டுப் புறப்படுங்கள்.